நாற்பத்தேழாம் நம்பர் பாஸ்

நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிலாவில் உள்ள ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியின் படிவங்களில் நான் இதுவரை நாற்பது பேருக்குச் சித்தி, இருபது பேருக்கு அண்ணி, ஒரு கிழவருக்கு மனைவி. எல்லாம் பொய். ஆனால் ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்தது பொய் இல்லை. என்னைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளலாம், அது எனக்குப் பழக்கம். இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்க மட்டும் வேண்டாம்.

என் பெயர் சோலெங். மேம்பாலத்துக்கு அடியில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் என் தள்ளுவண்டி நிற்கிறது. அதுதான் வீடு. தொழில், துணையாள். இங்கே படுக்கை கிடைக்க நோய் மட்டும் இருந்தால் போதாது, கூட ஒரு ஆளும் இருக்க வேண்டும். மருந்து வாங்கி வர, ரத்தம் எடுத்து வர, மூத்திரச் சட்டி கொட்ட, கையெழுத்துப் போட, எல்லாவற்றுக்கும் துணையாள்தான். வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்தால் கழுத்தில் மாட்டிக்கொள்ள மஞ்சள் பாஸ் தருவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பாஸ், ஒரு நோயாளி. வேலைக்குப் போகும் மகன்களும் மகள்களும் என்னைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வார்கள். அம்மா மேல் உயிரையே வைத்திருப்பார்கள். சட்டி கொட்ட மட்டும் நான் வேண்டும்.

இரவில் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்துக்கொள்வேன். துணையாட்கள் எல்லோருமே அப்படித்தான். மேலே நோயாளி, கீழே நாங்கள். மழை மேலே விழாது, மழைக்காலத்தில் அதுவே பாதிக் கூலி.

என் அடையாள அட்டையில் இருப்பது பதினோரு வருடம் முன்பு இடித்துத் தள்ளிய ஒரு சந்தின் விலாசம். விலாசம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வீடு இருக்கிறதா என்று இன்றுவரை எவனும் கேட்டதில்லை.

பக்கத்து வண்டி பெலிங்குக்கு அந்த அட்டைகூடக் கிடையாது. அவள் ஒரு அழுமூஞ்சி. காலில் ஆணி குத்தியதை ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல், அதே காலோடு வெள்ளத் தண்ணீரில் திரிந்தவள். உடம்பில் சர்க்கரை வேறு. நான் சனிக்கிழமையிலிருந்து இரண்டாம் மாடியில், நோர்மா என்ற மீன்காரியின் அம்மாவுக்குத் துணையாக இருந்தேன். செவ்வாய் காலை 6:40க்குக் காபி குடிக்க வெளியே வந்தால், பெலிங் தன் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வாசலில் நிற்கிறாள். மற்றக் கால் கறுத்திருந்தது. நாற்றம் எனக்கு முன்பே காவலாளிக்கு எட்டியிருந்தது.

வரிசையில் நின்று 9:25க்கு நர்ஸ் பார்த்தாள்.

"இன்னிக்கே உள்ள சேக்கணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டீங்கன்னா காலு மட்டும் இல்ல, ஆளே மிஞ்சமாட்டாங்க."

சொல்லிவிட்டு ஒரு சீட்டை நீட்டினாள். சீட்டு எங்களை ஒரு ஜன்னலுக்கு அனுப்பியது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் எழுத்தர், பக்கத்தில் சின்ன மின்விசிறி. மின்விசிறி அவளை மட்டும் பார்த்துச் சுற்றியது.

"ஏழைன்னு உங்க ஏரியா வார்டு ஆபீஸ் குடுத்த சான்று எங்க?"

"போனோம்மா. அந்த வார்டுல வீடு இருந்தாத்தான் குடுப்பாங்களாம்."

"அப்ப வீடு இருக்கற வார்டுல போய் வாங்கிட்டு வாங்க."

"வீடே இல்லம்மா."

"வீடு இல்லன்னா எந்த வார்டுன்னு நான் எப்படி எழுதறது?"

ஒன்றும் இல்லாதவள் என்று எழுதித் தர இவர்களுக்கு ஒரு வீடு வேண்டும். இதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு சிலை வைக்கலாம். புறாக்கள் பார்த்துக்கொள்ளும்.

"துணைக்கு யாரு?" என்றாள் எழுத்தர். பிறகு என் கழுத்தில் இருந்த பன்னிரண்டாம் நம்பர் பாஸைப் பார்த்தாள். "நீங்க ஏற்கனவே ஒருத்தருக்கு இருக்கீங்க. அதைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க, இவங்களுக்கு எழுதறேன். ஆள் இருந்தாச் சான்றை அப்புறம் பாத்துக்கலாம். ஆளும் இல்ல, சான்றும் இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

திருப்பிக் கொடுத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. பெலிங் என்னைப் பார்த்தாள். நான் வெளியே மழையைப் பார்த்தேன். நோர்மா கோபக்காரி, வேறு ஆளை வைத்துக்கொண்டால் திரும்பக் கூப்பிட மாட்டாள். பெலிங்கிடம் கூலி வாங்க முடியாது. அந்த எழுத்தர் மேல் எனக்கு இருந்த இளக்காரத்தில் பாதியை என் மேல் வைத்திருந்தாலே அன்று வெட்கப்பட்டிருப்பேன்.

"மத்தியானம் பாக்கலாம்" என்றேன்.

"சரி சோலெங். உனக்கு வேலை இருக்கும்" என்றாள் பெலிங்.

அவள் அழுதிருந்தால் நான்கு வசவு விட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அன்று பார்த்து அழவில்லை. அவளை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மேலே போனேன். மணி 11:05.

பிற்பகல் 2:10க்கு மிச்சக் கஞ்சியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். பெஞ்ச் காலி. தள்ளுவண்டி மட்டும் ஓரமாக நனைந்துகொண்டிருந்தது. செத்துத்தான் போய்விட்டாளோ என்று காவல் மேசைக்கு ஓடினேன். காவலாளி ரொடெல் வாயில் பாதி ரொட்டியோடு இருந்தான்.

"இங்க இருந்த பொம்பளை எங்கடா?"

"உள்ள போயிட்டாங்கக்கா. துணைக்கு ஆள் வந்துடுச்சே."

"அவளுக்கா? யாரு?"

"ஒரு அக்கா. பாஸோட வந்துச்சு, பேப்பரெல்லாம் கையில வச்சிருந்துச்சு. கைத்தாங்கலா கூட்டிட்டுப் போச்சு."

"ஆள் எப்படி இருந்தா?"

ரொடெல் மெல்லுவதை நிறுத்தினான். "வயசானவங்க… இல்ல, உங்க வயசு இருக்கும். குட்டையா…" நெற்றியைச் சொறிந்தான். "மொகத்தைப் பாத்தேன்க்கா. இப்ப வர மாட்டேங்குது."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். பிற்பகல் 1:17. பெலிங்கின் பெயர். எதிரே பாஸ் நம்பர் 47.

அவன் பின்னால் ஆணிகளில் பாஸ்கள் தொங்கும் பலகை இருந்தது. பத்து வருடமாகப் பார்க்கிற பலகை. நாற்பதோடு முடிந்துவிடும்.

"ரொடெல், நாப்பதுக்கு மேல பாஸே கிடையாதே."

அவன் பலகையைப் பார்த்தான். பதிவேட்டைப் பார்த்தான். "நான்தான் எழுதியிருக்கேன்" என்றான், தன் கையெழுத்தையே நம்பாதவனாக.

படிப்பது, எண்ணுவது, இரண்டும் வராதவனைக் காவலுக்கு வைத்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறினேன்.

பெண்கள் அறுவை வார்டு. கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருத்தி தலை பக்கம் மற்றவள் கால். பெலிங் ஜன்னலோரக் கட்டிலில் பாதியில் கிடந்தாள். கையில் டிரிப்ஸ் ஏறியது. காலைக் கழுவித் துணி சுற்றியிருந்தார்கள். நகங்களைக்கூட யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

"நீ அனுப்பின ஆளா அது?" என்றாள்.

"ஆமா" என்றேன். பொய் அதுவாகவே வந்தது.

"தங்கமான மனுஷி. பேச்சே கிடையாது. கஞ்சி குடுத்தேன், வேண்டாம்னுடுச்சு. 'கீழ வேற யாராச்சும் தனியா இருக்காங்களா'ன்னு மட்டும் ரெண்டு வாட்டிக் கேட்டுச்சு."

"இப்ப எங்க?"

"மருந்து வாங்கப் போயிருக்கு."

மருந்துச் சீட்டு கட்டில் தலைமாட்டில், கிளிப்பில் மாட்டியபடியே இருந்தது. சீட்டு இல்லாமல் எந்தக் கடையில் எதை வாங்குவாள்? தொழில் தெரியாதவள் என்று தோன்றியது. ஒரு திருப்தியும் வந்தது, மறைக்க மாட்டேன்.

குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அட்டைப்பெட்டி விரித்திருந்தது. ஒரு ஆள் படுத்த பள்ளம் அதில் தெரிந்தது. அவ்வளவு கூட்டத்தில், இடத்துக்குச் சண்டை போடும் வார்டில், அந்த அட்டையை ஒட்டி மட்டும் எவரும் பை வைக்கவில்லை, செருப்பு விடவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். அட்டை சில்லென்று இருந்தது.

நிமிர்ந்தேன். கிண்ணத்தை வைக்க முக்காலிப் பக்கம் திரும்பினேன்.

முக்காலி மேல் இரண்டு மருந்துப் புட்டிகள். குனிவதற்கு முன்பு அவை அங்கே இல்லை… சத்தியமாக இல்லை.

"இதை யார் வச்சது?" பக்கத்துக் கட்டில்காரியின் மகளிடம் கேட்டேன்.

"அந்த அக்காதான். இப்பத்தான வச்சிட்டுப் போச்சு." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களைத் தாண்டித்தான போனாங்க."

மணி 2:34. சீட்டோடு ஒத்துப் பார்த்தேன். சரியான மருந்து. ஒரு வாரமாகக் கையிருப்பில் இல்லை என்று ஆஸ்பத்திரி மருந்துக்கடை எல்லோரையும் திருப்பி அனுப்பிய அதே மருந்து.

நர்ஸ் வந்து புட்டியை எடுத்துக்கொண்டாள். "அறுக்கறதுக்கு ரத்தம் ஒரு பை வேணும். அஞ்சரைக்குள்ள வரணும், துணையாள்ட்ட சொல்லிட்டேன். ரத்தம் வரலன்னா டாக்டர் அடுத்த கேஸை எடுத்துடுவாரு. அப்புறம் இவங்க முறை என்னிக்கோ."

நான் இரண்டாம் மாடிக்குத் திரும்பினேன். மீன்காரியின் அம்மா ஒரு துணிக்கடை அளவுக்குத் துணியை நனைத்து வைத்திருந்தாள். அலசிப் போட்டேன். மனசு ஓடவில்லை. பயம் இல்லை அது, எரிச்சல். இந்தக் கட்டடத்தில் கூலிக்கு வரும் ஒவ்வொருத்தியையும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் ஒருத்தி புகுந்து, திருட்டு பாஸை மாட்டிக்கொண்டு, என் பக்கத்து வண்டிக்காரிக்கே துணை இருக்கிறாள். நாளைக்கு என் நோயாளிகளையும் பிடித்துக்கொள்வாள். கண்ணில் பட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்பது என்று இருந்தேன்.

4:38க்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெந்நீர் பிடிக்கப் பிளாஸ்குடன் இறங்கினேன். தரைத்தளத்தில் பிளாஸ்கை நிரப்பி, மாடிப்படியில் காலை வைத்தேன்.

4:46. கரண்ட் போனது.

படிக்கட்டு ஜன்னலில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். மேலே, ஒரு திருப்பத்துக்கு முன்னால், யாரோ ஏறிப் போகும் சத்தம்.

சர்… டப். சர்… டப்.

ஒரு காலை இழுத்து வைக்கும் நடை. எட்டிப் பார்த்தேன். குட்டையான பெண். கையில் நீல ஐஸ் பெட்டி. ரத்தம் எடுத்து வரும் பெட்டி. முதுகுப் பக்கம் மஞ்சள் நாடா தெரிந்தது. பாஸின் நாடா.

இவள்தான்.

"ஏய், நில்லுடி" என்றேன்.

நிற்கவில்லை. வேகமும் கூட்டவில்லை.

சர்… டப்.

நான் வேகமாக ஏறினேன். முதல் மாடி. சுவரில் பெரிதாக 1 என்று எழுதியிருக்கும், தாண்டினேன். 2. என் வார்டு. தாண்டினேன். 3. மூச்சு வாங்கியது. எத்தனை வேகமாக ஏறினாலும் அவள் அதே ஒரு திருப்பம் முன்னாலேயே இருந்தாள்.

4. அவள் நிற்கவில்லை. மேலே போனாள்.

நாலுக்கு மேல் மொட்டை மாடிக் கதவு. எப்போதும் பூட்டியிருக்கும். அங்கே வைத்துப் பிடித்துவிடலாம் என்று ஏறினேன்.

கதவு இல்லை.

படிகள் இருந்தன. மேலே இன்னொரு திருப்பம். சுவரில் எண் இல்லை.

சர்… டப். சர்… டப்.

இன்னொரு திருப்பம். எண் இல்லை. இன்னொன்று… அதிலும் இல்லை. மழைச் சத்தம் நின்றிருந்தது. வார்டுகளின் இரைச்சல் நின்றிருந்தது. என் செருப்புச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. அவளுடையது மட்டும் கேட்டது.

இறங்கிவிடலாம் என்று திரும்பிப் பார்த்தேன்.

கீழே இருட்டு. இறங்கப் படி தெரியவில்லை.

சத்தம் நின்றது.

அவளும் நின்றுவிட்டாள்.

நான்கு படி மேலே. முதுகு காட்டியபடி. தலைமுடியில் அட்டைப்பெட்டித் தூசு ஒட்டியிருந்தது. எங்கள் எல்லோருக்கும் ஒட்டியிருப்பதுதான்.

அவள் திரும்பவில்லை. திரும்பிவிடக் கூடாது என்று நான் சாமியைக் கும்பிட்டேன்.

"நீ யாருக்குத் துணை?" என்றாள்.

சாதாரணக் குரல். களைத்த குரல். திட்டவில்லை, மிரட்டவில்லை. ஜன்னல் எழுத்தர் கேட்பது மாதிரி, பதிலை எழுதிக்கொள்ளக் கேட்ட கேள்வி.

எனக்கு நாற்பது பொய் தெரியும். நோர்மாவின் அம்மா பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்தப் பெயர் வரவில்லை.

எந்தப் பெயரும் வரவில்லை. ஒன்றைத் தவிர.

"பெலிங்குக்கு…" என்றேன்.

கண் கூசியது.

விளக்குகள் எரிந்தன. நாலாம் மாடி. வார்டு வாசல். என் பக்கத்தில் சுவரில் 4. கைகளில் ஜில்லென்று ஏதோ கனத்தது. பிளாஸ்க் இல்லை. நீல ஐஸ் பெட்டி… என் இரண்டு கைகளாலும் அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன்.

நர்ஸ் வெளியே வந்தாள். "ரத்தம் வந்துடுச்சா? நல்ல வேளை."

மணி 5:21. நாலு மாடி ஏற முப்பத்தைந்து நிமிடம். நான் அன்று ரத்த வங்கிப் பக்கமே போகவில்லை. பெட்டிக்குள் இருந்த பையில் பெலிங்கின் பெயர் ஒட்டியிருந்தது.

"நீங்கதான துணை? இங்க ஒரு கையெழுத்து."

'உறவு' என்ற கட்டத்தில் இத்தனை வருடம் கை தானாக எழுதும். அன்று பேனா நின்றது. 'பக்கத்து வண்டி' என்று எழுதினேன். நர்ஸ் அதைப் படிக்கவில்லை, அவர்கள் எதைத்தான் படித்தார்கள்.

கீழே போய்ப் பன்னிரண்டாம் நம்பர் பாஸைத் திருப்பிக் கொடுத்து, பெலிங் பெயரில் வேறு வாங்கினேன். நோர்மா மீன் வெட்டும் கத்தியைவிடக் கூர்மையாகத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன். 6:10க்குப் பெலிங்கை உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு விரல் போனது, கால் பிழைத்தது. விழித்ததும் விரல்களுக்காக அழுதாள். மிச்சம் எட்டு இருக்கிறது, அழ இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்தப் பெண் திரும்ப வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டையில் நான் படுக்கவில்லை. பத்தொன்பது நாளும் முக்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் காலை 10:15. 'வீட்டுக்கு' என்று தாளில் எழுதியிருந்தது, அவர்களுக்கு வேறு வார்த்தை தெரியாது. தரை துடைக்கும் பாசிங் அக்கா வார்டுக்குள் வந்தாள். இருபது வருடமாக அங்கே துடைப்பவள். டாக்டர்களைவிட அவளுக்கு அந்த இடம் தெரியும். எதற்கும் கேட்டு வைப்போம் என்று நாற்பத்தேழாம் நம்பரைப் பற்றிக் கேட்டேன்.

அவள் கை நின்றது.

"அந்த நம்பரை யாரு சொன்னா உனக்கு?"

"பதிவேட்டுல பாத்தேன்."

"இருக்காதே. அந்தப் பாஸ் அது கழுத்தோடயே போச்சு. அதுக்கப்புறம்தான் பாஸையே நாப்பதாக் குறைச்சாங்க." குரலைத் தாழ்த்தினாள். "உன்ன மாதிரிக் கூலிக்கு வர்ற பொம்பளைதான். நீ இங்க வர்றதுக்கு முன்னாடி. தெருவுல இருந்த ஆளு. நெஞ்சு வலிக்குதுன்னு ரெண்டு நாளாச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கீழ போய்க் காட்டுச்சு. சேக்கணும், உனக்குத் துணை யாருன்னு கேட்டாங்களாம். திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில படுத்துக்கிச்சு."

"அப்புறம்?"

"மேல இருந்த நோயாளிய அனுப்பிட்டு வேற ஆளப் போட்டாங்க. டாக்டருங்க வந்தாங்க, போனாங்க. துணையாள் தூங்குதுன்னு யாரும் குனிஞ்சு பாக்கல. வியாழக்கிழமை மத்தியானம்தான் தெரிஞ்சுது. புதன்கிழமை விடியக்காலையே உயிர் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

"அது பேரு என்னக்கா?"

"நோயாளியா இருந்தாத்தான பேரு எழுதுவாங்க."

அவள் துணியை வாளியில் முக்கினாள். பிழிந்தாள். துடைக்கப் போகவில்லை.

"இதை நான் யார்ட்டயும் சொன்னதில்ல சோலெங். புதன்கிழமை சாயங்காலம் நான் இங்க துடைச்சேன். அதோட காலு ரெண்டும் வழியில நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்கும் அன்னிக்கு ஆத்திரம். 'காலை மடக்கு, இது உன் வீடா'ன்னு அதட்டினேன்."

துணியை மறுபடி பிழிந்தாள். பிறகு சொன்னாள்.

"மடக்கிக்கிச்சு."